எரியலைன்னா டியூப் ஃபியூஸ்னு யார் சொன்னது?

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எந்த பிளஸ் மைனஸும் எனக்கு முறைப்படி யாரும் சொல்லித் தரவில்லை. இதைப் படித்துவிட்டு மெயினை அணைக்காமல் ஸ்டூல் மேல் ஏறினால் அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் சார் ஒரு ஜோக் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்து, சார் போர்டு பக்கம் திரும்பி, அடுத்த கணக்கில் பாதி எழுதியும் விட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தமாகச் சிரித்துத் தொலைத்துவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "என்னடா டியூப்லைட்டு, இப்பத்தான் எரியுதா?"

வகுப்பே இரண்டாம் முறை சிரித்தது. இந்தத் தடவை ஜோக் நான்.

தமிழில் மட்டும் இல்லை, இந்தியிலும் இதே திட்டுதான். 2017-ல் சல்மான் கான் நடித்து 'டியூப்லைட்' என்றே ஒரு படம் வந்தது. மெதுவாகப் புரிந்துகொள்கிறவன் டியூப்லைட். என்னைச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை (உண்மையைச் சொன்னால் கோபம் வரலாமா?). ஆனால் டியூப்லைட்டைச் சொன்னதில் எனக்கு நியாயமாகவே கோபம். அது லேட்டாக எரிவதற்கும், சில நேரம் எரியாமலே போவதற்கும் காரணம் பெரும்பாலும் அது இல்லை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே தொங்கிய ஒரு டியூப்லைட்டால் தெரிந்துகொண்டேன். மூன்று டியூப் பலி கொடுத்த பிறகு.

வீடு பிள்ளையார்பாளையம். காஞ்சிபுரம் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும் ஏரியா. கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருக்கும். நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டுத் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே பாவு. ஆயிரக்கணக்கான பட்டு இழை, ஒவ்வொன்றும் தலைமுடியை விடச் சன்னம். அதில் ஒன்று அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். விட்டுவிட்டால் புடவையில் கோடு விழும். கோடு விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

கைத்தறிக்குக் கரண்ட் தேவையில்லை. கையும் காலும் போதும். கரண்ட் தேவைப்படுவது தறிக்காரருக்கு, அதுவும் ஒரே ஒரு சாமானுக்கு: தலைக்கு மேலே கயிறு கட்டித் தாழ்வாகத் தொங்கவிட்ட நாலடி டியூப்லைட். அது எரியவில்லை என்றால் தறி நிற்கும். கூலி புடவைக்குத்தானே தவிர மணிக்கு இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு எந்த முதலாளியும் சம்பளம் தரமாட்டார்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்று தறியில் முக்கால்வாசி. ஒரு சாயங்காலம் அப்பா சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. பக்கத்து அறை லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, இது மட்டும் இல்லை. டியூப்பின் இரண்டு முனையும் கன்னங்கரேல் என்று இருந்தது. "டியூப் போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அப்பா சைக்கிளை எடுத்தார்.

புது டியூப் வந்தது. மாட்டினோம். சுவிட்ச். இரண்டு முனையிலும் பளிச் என்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். இருட்டு.

"டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று அப்பா மறுபடி கடைக்குப் போனார். நானும் கேரியரில். கடைக்காரர், "அண்ணே, உங்க கண்ணு முன்னாடிதானே போர்டுல எரிய வச்சுக் காட்டினேன்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பா அன்றைக்கு நியாயம் கேட்கிற நிலையில் இல்லை. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்தது. கடைசியில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறொரு டியூப்பை எடுத்து, போர்டில் எரியவைத்துக் காட்டி, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினோம். அதே பளிச். அதே இருட்டு.

இத்தோடு பழைய டியூப்பையும் சேர்த்து மூன்று. மறுபடி கடைக்குப் போக அப்பாவுக்கும் மனம் வரவில்லை. அன்று ராத்திரி தறி ஓடவில்லை. மறுநாள் பகல் வெளிச்சத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெய்துவிட்டு, ராத்திரி மறுபடி சும்மா. அம்மா ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதை விட மோசம்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருக்கிற மாமா வந்தார். திருவிழாவுக்கு லைட் கட்டுகிறவர். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை சமயத்தில் சவுக்குக் கம்பில் வரிசையாக டியூப்லைட் கட்டித் தெருவையே பகலாக்கி வைத்திருப்பார்களே, அந்த வேலை. வந்தவர் ஃபிட்டிங்கைத் தொடவே இல்லை. முதலில், "செத்த டியூப்பெல்லாம் எங்க? எடுத்தா தம்பி" என்றார். மூன்றின் முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, ஃபிட்டிங்கைக் கழற்றி, சோக்கை மூக்கில் வைத்து முகர்ந்தார். (டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி அவ்வளவு கம்பீரமாக.) பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்து, சோக்கோடு தொடராக இணைத்துக் கரண்ட் கொடுத்தார். பல்பு ஜோராக, முழு வெளிச்சத்தில் எரிந்தது.

"பாத்தியா? சோக் நல்லா இருந்தா பல்பு மங்கலாத்தான் எரியணும். இது உள்ளுக்குள்ளயே ஒட்டிக்கிச்சு. நீங்க டியூப்பு மாட்டல, டியூப்ப நெருப்புல போட்டிருக்கீங்க."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சந்தேகம் டியூப்பு மேலயா இருந்தா, அத எடுத்தும் போயி நல்லா எரியற ஃபிட்டிங்ல போட்டுப் பாரு. நல்ல டியூப்ப எடுத்தாந்து சந்தேகமான ஃபிட்டிங்ல போடாத."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்மில் பலரும் செய்வது இதற்கு நேர் எதிர். லைட் எரியவில்லையா, புதுசு வாங்கி அதே இடத்தில் மாட்டு. எந்த இடம் முன்னால் இருந்ததைக் கொன்றதோ அதே இடத்தில். டியூப் செத்தது உண்மைதான். ஆனால் செத்தவன்தான் கொலைகாரன் என்று எந்தப் போலீஸ்காரர் சொல்வார்?

ஏன் இப்படி என்று அப்புறம் நானே தேடிப் படித்தேன். விஷயம் அப்படியொன்றும் கஷ்டம் இல்லை.

டியூப்புக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயு, துளியூண்டு பாதரசம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு இழை. நம் வீட்டுக்கு வருகிற 230 வோல்ட், ஜில்லென்று இருக்கிற நாலடி வாயுவைத் தாண்டி மின்சாரத்தை ஓட்டப் போதாது. அதற்குத்தான் ஸ்டார்ட்டர். அந்தச் சின்ன டப்பாவுக்குள் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழுக்குள் சூட்டில் வளைகிற ஒரு உலோகத் தகடு. சுவிட்சைப் போட்டதும் குமிழ் லேசாக ஒளிரும். சூடாகும். தகடு வளைந்து மறுபக்கத்தைத் தொடும். தொட்டதும் மின்சாரம் இரண்டு முனை இழைகள் வழியாகவும் ஓடி அவற்றைச் சிவக்கச் செய்யும். இதற்குள் குமிழ் ஆறிவிடும். தகடு விலகும். விலகுகிற அந்த நொடியில் சோக் ஒரு உதை உதைக்கும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தை திடீரென்று வெட்டினால் காயில் பல நூறு வோல்ட் எகிறும், அந்த உதை. அந்த உதையில்தான் டியூப் பற்றிக்கொள்கிறது. முதல் தடவை பற்றவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. நாம் பார்க்கிற 'மினுக் மினுக்' அதுதான்.

பற்றிய பிறகு டியூப்பின் இரண்டு முனைக்கும் நடுவே இருப்பது சுமார் 100 வோல்ட். அது ஸ்டார்ட்டரை எழுப்பப் போதாது. ஸ்டார்ட்டர் தூங்கப் போய்விடும். எரிகிற டியூப்லைட்டிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும். (எங்கள் ஹாஸ்டல் நண்பர்கள் ஒரே ஸ்டார்ட்டரை வைத்து மூன்று அறை லைட்டை ஏற்றிய வரலாறு உண்டு. மெஸ் பில்லுக்கே காசு இல்லாத காலம்.)

சோக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எரிகிற வாயு, விட்டால் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே போகும், அளவே தெரியாது. அதற்குக் கடிவாளம் சோக்தான். அந்தக் கடிவாளம் உள்ளுக்குள் எரிந்து ஒட்டிக்கொண்டால், ஸ்டார்ட்டர் தொட்ட உடனே 230 வோல்ட்டும் நேராக அந்த இரண்டு இழைகள் மேல் விழும். பளிச். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்னும் பழைய ஃபிட்டிங் இருக்கிற வீடுகள் ஏராளம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு முனையும் சிவப்பாகக் கனன்றுகொண்டே இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றால், தொண்ணூறு சதவீதம் (என் சொந்தப் புள்ளிவிவரம், ஆதாரம் கேட்காதீர்கள்) ஸ்டார்ட்டர் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டரைக் கால் திருப்பு திருப்பிக் கழற்றுங்கள். கழற்றிய நொடியில் லைட் எரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது. இது தெரியாமல் அப்படியே விட்டுவைத்தால் இழை சூட்டிலேயே கிடந்து டியூப்பும் சீக்கிரம் போய்விடும்.

மினுக்கிக்கொண்டே இருந்து எரியாமல் போனால் மூன்று பேர் மேல் சந்தேகம். முனை கறுத்திருந்தால் டியூப்புக்கு வயதாகிவிட்டது. கறுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு மினுக்கி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒழுங்காக எரிந்தால் உங்கள் வீட்டில் யார் மேலும் தப்பில்லை, தெருவில் வோல்டேஜ் இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் கரண்ட் வந்த நேரத்திலும் டியூப் எரியாமல் வீட்டுக்கு வீடு டியூப்பை மாற்றினார்கள் என்று அம்மா சொல்வார்.

ஒன்றுமே இல்லை, ஒரு மினுக்கல்கூட இல்லை என்றால்? இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் டியூப்பைக் கழற்றாமலே இரண்டு முனையிலும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஹோல்டரில் பின் சரியாக உட்காராமல் இருந்தாலே போதும், எரியாது. தறி இருக்கிற வீட்டில் இது சர்வ சாதாரணம். பலகை அடிக்கிற அடியில், மேலே ஜக்கார்டு பெட்டி தூக்கிப் போடுகிற அதிர்வில், டியூப் மெல்ல மெல்ல நழுவும். அப்புறம் ஸ்டார்ட்டரைப் பக்கத்து அறை ஸ்டார்ட்டரோடு மாற்றிப் பாருங்கள். அப்புறம் டியூப்பை, மாமா சொன்ன திசையில். சந்தேக டியூப் நல்ல ஃபிட்டிங்குக்கு. அங்கே எரிந்தால் டியூப் நிரபராதி. அப்போது மிச்சம் சோக்கும் ஒயரும், அதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அங்கேயும் எரியவில்லையென்றால் டியூப் போய்விட்டது. ஆனால் யாரால் போனது என்று தெரியும் வரை புதுசை மாட்டாதீர்கள்.

இன்னொன்று. பழைய வீடுகளில் சிலதில் சுவிட்சை நியூட்ரலில் மாட்டி வைத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஃபிட்டிங்கில் கரண்ட் இருக்கும். அதனால்தான் மெயின், மெயின் என்று கத்துகிறேன்.

செத்த டியூப்பை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் குப்பைத் தொட்டி ஓரம் சாத்திவைப்பார்கள், சாயங்காலத்துக்குள் பையன்கள் கத்திச் சண்டை போட்டு 'டப்' என்று உடைத்துவிடுவார்கள். நானும் உடைத்தவன்தான். சின்ன வயதில் ஊர் மைதானத்தில் ஒருவர் நாள்கணக்காக இறங்காமல் சைக்கிள் ஓட்டுவாரே, கடைசி நாள் நெஞ்சில் டியூப்லைட் உடைப்பாரே, வாயைப் பிளந்துகொண்டு முன் வரிசையில் நின்றிருக்கிறேன். வெள்ளையாகப் புகை மாதிரி எழும். அதில் பாதரசமும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு டியூப்பில் சில மில்லிகிராம்தான், உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்த மனிதர் ஊர் ஊராக எத்தனை டியூப் உடைத்திருப்பார்? வீட்டில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் சற்று நேரம் வெளியே வந்துவிடுங்கள். விளக்குமாறு போடாமல் அட்டையால் வாரி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடிய டப்பாவில் போடுங்கள். 2016-ல் வந்த மின்கழிவு விதிகளிலேயே இந்த விளக்குகள் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதும் எங்கள் தெருத் தொட்டி ஓரம் இருப்பதும் இன்னும் சந்தித்துக்கொள்ளவில்லை.

இந்தப் பாதரசத்துக்காகத்தான் டியூப்லைட்டுக்கே நாள் குறித்துவிட்டார்கள். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்களைப் பாதரசம் என்ன செய்தது என்று படித்திருப்பீர்கள். அந்த ஊர் பெயரால் 2013-ல் ஒரு உலக ஒப்பந்தம் போட்டார்கள், 2018-ல் இந்தியாவும் அதை உறுதி செய்தது. 2023 கடைசியில் ஜெனீவாவில் கூடி, பொது விளக்குக்கான நீள டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் தறிக்கு மேலேயும் இப்போது எல்.ஈ.டி.தான். சுவிட்ச் போட்டதும் எரிகிறது, வோல்டேஜ் குறைந்தாலும் எரிகிறது. 36 வாட் டியூப்பும் செம்புச் சோக்கும் சேர்ந்து 50 வாட் பக்கம் தின்ற இடத்தில் இது 20 வாட். முன்னேற்றம்தான். நான் கேட்க வந்தது வேறு.

போன வருடம் அந்த எல்.ஈ.டி. எரியவில்லை. அதே சாயங்காலம், அதே பாதிப் புடவை. நான் பெரிய மனுஷன் மாதிரி ஸ்டூலில் ஏறினேன். ஏறி என்ன செய்ய? திருப்பிப் பார்க்க ஹோல்டர் இல்லை. மாற்றிப் பார்க்க ஸ்டார்ட்டர் இல்லை. முகர்ந்து பார்க்க சோக்கும் இல்லை. ஒரே பிளாஸ்டிக் குழல், முனையில் பசை போட்டு மூடியிருக்கிறது. கடைக்கு எடுத்துப்போனேன். "இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, புதுசு எடுத்துக்க."

வீட்டில் வந்து கத்தியால் பிளந்தேன். (கை கிழிந்தது தனிக் கதை.) உள்ளே விளக்குப் பட்டை நன்றாகவே இருந்த மாதிரி தெரிந்தது. முனையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன போர்டு, அதில் ஒரு கெபாசிட்டர் தலை வீங்கிக் கிடந்தது. அட்டைப் பெட்டியில் ஐம்பதாயிரம் மணி நேரம் என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் விளக்குப் புள்ளிகளின் கணக்கு. கூட இருக்கிற டிரைவர் போர்டு சூட்டில் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும். நாம் விளக்கைத் தூக்கி எறிகிறோம் என்று நினைக்கிறோம், எறிவது ஒரு கெபாசிட்டரை, மிச்சமெல்லாம் அதனோடு உடன்கட்டை ஏறுகிறது.

வகுப்புத் தோழர்களுக்காக நம் பாஷையில்: ஸ்டார்ட்டர் வாங்கினால் அது வருவாய்ச் செலவு. எல்.ஈ.டி. போனால் ஒவ்வொரு முறையும் மூலதனச் செலவு.

"கரண்ட் பில் மிச்சமாகிறதே" என்பீர்கள். கணக்குப் போடுவோம். தறி விளக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்குப் பழைய டியூப் 30 யூனிட், எல்.ஈ.டி. 12 யூனிட். மிச்சம் 18. சந்தோஷம். ஆனால் கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவச யூனிட் உண்டு. 2006-ல் 100 யூனிட்டாக ஆரம்பித்தது, 2016-ல் 200, 2023-ல் 300 ஆனது. எங்களை மாதிரி 300-க்குள் நிற்கிற வீட்டில் அந்த 18 யூனிட்டால் பில் ஒரு பைசா குறையாது, ஏனென்றால் பில்லே இல்லை. மிச்சம் பிடிப்பது அரசாங்கம். விளக்கு வாங்குவது நெசவாளர். இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் பல வீடுகளில் ராத்திரித் தறி ஓடாது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கூட்டுறவு சங்கங்கள் வழியாக விளக்காகவே திருப்பிக் கொடுக்கலாம் என்கிறேன். அதுவும் திருகு போட்ட விளக்காக, டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக.

இது ஒன்றும் நடக்காத பேச்சு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, ஒரு சாதனத்துக்குள் இருக்கிற விளக்கையும் அதன் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால், உடைக்காமல் மாற்ற முடிய வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள் (விதிவிலக்கு கேட்டால் காரணம் காட்ட வேண்டும்). இங்கேயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டு, அந்த வருட டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வண்டி என்று நான்கு துறைகள். கார் வாங்கியவருக்கு இருக்கிற அந்த உரிமை கூடத்து லைட்டுக்கும் வேண்டும் என்பது பேராசையா?

அதுவரை, கடையில் எல்.ஈ.டி. வாங்கும்போது முனையைத் திருப்பிப் பாருங்கள். பசையா, திருகா? "டிரைவர் தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக வாங்கி வைப்பார். பழைய ஃபிட்டிங்கிலேயே எல்.ஈ.டி. டியூப் போடுவதாக இருந்தால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, அட்டையில் போட்டிருக்கிற படத்தின்படி ஒயரை மாற்ற வேண்டும், அதை விஷயம் தெரிந்தவரிடம் விடுங்கள். மாற்றிய பிறகு ஃபிட்டிங் மேலேயே மார்க்கரால் 'எல்.ஈ.டி. மட்டும்' என்று எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது பரணிலிருந்து பழைய டியூப்பை எடுத்து அதில் மாட்டினால், மறுபடி பளிச்தான்.

சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு மாமா புது சோக் எழுதிக் கொடுத்ததும் அப்பா அதே கடைக்குத்தான் போனார். வேறு கடை இல்லாமல் இல்லை. நானும் கேரியரில். சோக் ஒன்று, டியூப் ஒன்று கேட்டார். கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே எடுத்துப் போட்டார். அப்பா மன்னிப்பு கேட்கிற ரகம் இல்லை. சோக்குக்கும் டியூப்புக்கும் காசை எண்ணி வைத்துவிட்டு, முதல் நாள் மாற்றி வாங்கிய டியூப்புக்கான காசையும் பக்கத்தில் தனியாக வைத்தார். கடைக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அதில் ஒரு பத்து ரூபாயைத் திருப்பித் தள்ளிவிட்டு, ஒரு ஸ்டார்ட்டரை எடுத்து என் கையில் வைத்தார்.

"சோக்கு போனா ஸ்டார்ட்டரும் அடி வாங்கியிருக்கும் அண்ணே. அதையும் மாத்திடுங்க."